பழைய மெயில் மூட்டையோடு குடிபெயர்வது: கேள்வி பதில்

மேற்கு மாம்பலத்திலிருந்து ஒரு பெரியவர்: எக்ஸ்பி மெஷினில் மதர்போர்டு போய்விட்டது. ஹார்டு டிஸ்க் மட்டும் உயிரோடு இருக்கிறது. அவுட்லுக் எக்ஸ்பிரஸில் பத்து வருஷ மெயில். பையன் இப்போது மேக் வாங்கிக் கொடுத்திருக்கிறான். மெயிலெல்லாம் கிடைக்குமா தம்பி?

கிடைக்கும் சார். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஐடிஇ டிஸ்க்கை (பழைய வகை ஹார்டு டிஸ்க்) யுஎஸ்பியில் மாட்டும் கேபிள் கேளுங்கள். பவர் அடாப்டரோடு சேர்த்துக் கேட்க வேண்டும். பெரிய டிஸ்க்குக்கு யுஎஸ்பி கரண்ட் போதாது. முதலில் ஒரு விண்டோஸ் லேப்டாப்பில் மாட்டி, ‘டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்’, உங்கள் பெயர், ‘லோக்கல் செட்டிங்ஸ்’, ‘அப்ளிகேஷன் டேட்டா’, ‘ஐடென்டிடீஸ்’, அதற்குள் நீளமான எண்ணெழுத்துப் பெயருள்ள ஃபோல்டர், ‘மைக்ரோசாஃப்ட்’, ‘அவுட்லுக் எக்ஸ்பிரஸ்’ என்று உள்ளே போங்கள். ‘லோக்கல் செட்டிங்ஸ்’ ஒளிந்திருக்கும், மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லி வையுங்கள். இன்பாக்ஸுக்கு ஒன்று, சென்ட் ஐட்டம்ஸுக்கு ஒன்று என்று டிபிஎக்ஸ் ஃபைல்கள் வரிசையாக இருக்கும். ‘அன்டிபிஎக்ஸ்’ என்ற இலவச மென்பொருள் அவற்றை ஒவ்வொரு மெயிலாக, இஎம்எல் ஃபைலாகப் பிரித்துக் கொடுக்கும். அதைத் தண்டர்பேர்டு என்ற இலவச மெயில் மென்பொருளில் ‘இம்போர்ட்எக்ஸ்போர்ட்டூல்ஸ் என்ஜி’ என்ற துணை நிரலைப் போட்டு ஏற்றுங்கள். தண்டர்பேர்டு மேக்கிலும் ஓடும். ஆப்பிள் மெயில்தான் வேண்டும் என்றால் அங்கிருந்து எம்பாக்ஸாக (ஒரு ஃபோல்டரின் மெயிலெல்லாம் ஒரே ஃபைலில்) எடுத்து இறக்குங்கள்.

எதைச் செய்தாலும் காப்பி மட்டும்தான், ‘மூவ்’ கூடாது. ஒருமுறை நான் மூவ் கொடுத்த நேரத்தில் கரண்ட் போனது. இரண்டு பக்கமும் பாதிப் பாதி. அந்த அரைகுறையை ஒட்டவைக்க மூன்று ராத்திரி ஆனது.

அடையாறிலிருந்து: 2004-இல் டிவிடியில் எழுதிய பிஎஸ்டி (அவுட்லுக் மெயிலைச் சேர்த்து வைக்கும் ஃபைல்). அவுட்லுக் திறக்கவே மாட்டேன் என்கிறது.

டிவிடியில் இருக்கும்போது திறக்காது மேடம், பிஎஸ்டியில் எழுதும் அனுமதி வேண்டும் அவுட்லுக்குக்கு. ஹார்டு டிஸ்க்குக்குக் காப்பி செய்து, ப்ராப்பர்ட்டீஸில் ‘ரீட் ஒன்லி’ டிக்கை எடுங்கள். அப்படியும் முரண்டு பிடித்தால் சைஸைப் பாருங்கள். அவுட்லுக் 2002 வரையிலான பிஎஸ்டிக்கு 2 ஜிபிதான் எல்லை. அதை முட்டிய ஃபைல் கெட்டுப்போயிருக்க வாய்ப்பு அதிகம். காப்பியின் மேல் அவுட்லுக்கோடு வரும் பழுதுபார்க்கும் கருவியான ‘ஸ்கேன்பிஎஸ்டி’ ஓட்டிப் பாருங்கள்.

வேளச்சேரியிலிருந்து ஒரு மாணவர்: உபுண்டுவில் பிஎஸ்டி திறக்குமா அண்ணா?

‘ரீட்பிஎஸ்டி’ என்ற மென்பொருள் இருக்கிறதே தம்பி. எம்பாக்ஸாக மாற்றித் தரும்.

திருவான்மியூரிலிருந்து: எல்லாவற்றையும் ஜிமெயிலுக்கே ஏற்றிவிட்டால் என்ன?

செய்யலாம். தண்டர்பேர்டில் ஜிமெயிலை ஐமேப் (மெயிலைச் சர்வரிலேயே வைத்துக் கையாளும் முறை) கணக்காகச் சேர்த்து, ஃபோல்டரை இழுத்துவிட்டால் போதும். ஆனால் நாளைக்கு 500 எம்பி அளவில் ஐமேப் ஏற்றத்துக்குக் கூகுள் கடிவாளம் போடும். 15 ஜிபி இலவச இடத்தில் உங்கள் போட்டோக்களும் பங்கு கேட்கும்.

மயிலாப்பூரிலிருந்து: மாற்றிய பிறகு தமிழ் மெயில் எல்லாம் கிறுக்கலாக வருகிறது. ஃபைல் கெட்டுவிட்டதா?

அநேகமாக இல்லை. யூனிகோட் பரவுவதற்கு முன்னால் டிஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு குறியேற்றம் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை). டாபும் டாமும் 1999-இல் இதே சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டில் முடிவானவை. அந்தந்த எழுத்துரு இல்லாவிட்டால் இப்படித்தான் தெரியும். மூல மெயிலைத் தொடாதீர்கள். வேண்டிய வரிகளை மட்டும் யூனிகோடுக்கு மாற்றித் தரும் குறிமாற்றியில் ஒட்டிப் பாருங்கள். முதலில் டிஸ்கி, படியாவிட்டால் மற்றவை.