கால்பந்து உலகக் கோப்பை நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் நடப்பது ஏன்? இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடத்தினால் என்ன?

ஓர் இறுதி ஆட்டம் முடிந்த ஏக்கத்தில் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த ஏக்கம் எனக்கும் உண்டு. ஆயினும் இரண்டு ஆண்டு யோசனையை நான் முழுமையாக எதிர்க்கிறேன்.

1930இல் உருகுவேயில் தொடங்கிய உலகக் கோப்பை, போர்க்காலத்தில் தவறிய 1942, 1946 நீங்கலாக, ஒலிம்பிக்கைப் போலவே நான்காண்டு இடைவெளியில் நடந்து வருகிறது. அந்த இடைவெளி வெறுமனே கிடப்பதில்லை. 2026 போட்டிக்காகத் தென் அமெரிக்காவின் பத்து நாடுகளும் தலா 18 தகுதிச் சுற்று ஆட்டங்களை ஆடி முடிக்க, 2023 செப்டம்பர் முதல் 2025 செப்டம்பர் வரை ஆயிற்று. இதற்கு நடுவே 2024இல் அந்நாடுகள் ஆடும் கண்டப் போட்டியான கோபா அமெரிக்காவும் நடந்தது. ஐரோப்பிய நாடுகளின் கோப்பையான யூரோவும் அவ்வாறே இரு உலகக் கோப்பைகளுக்கு இடையில் வருகிறது.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் என் முழங்கால். கல்லூரி அணியில் நடுக்களத்தில் ஆடிய காலத்தில், இரண்டு தொடர்களை ஓய்வே இல்லாமல் அடுத்தடுத்து வைத்தார்கள். கால்கள் கனக்கின்றன என்று நாங்கள் சொன்னதை அமைப்பாளர்கள் காதில் வாங்கவே இல்லை. இரண்டாவது தொடரில் யாரும் மோதாமலே, திரும்பி ஓட முயன்றபோது எனக்குத் தசைநார் கிழிந்தது. அதன்பின் போட்டிகளில் நான் ஆடவில்லை. பரிசளிப்பு விழாவுக்குச் செலவிட்டவர்கள் சிகிச்சைக்கு ஒரு காசும் தரவில்லை என்பது இன்னும் ஆறாத கோபம்.

ஒருவனுடைய காயத்தை வைத்து உலகப் போட்டியை அளக்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். மருத்துவ வசதி மிகுந்த பார்சலோனா கழகத்தின் வீரர் பெட்ரி, 18 வயதில், 2021 கோடையில் யூரோவையும் டோக்கியோ ஒலிம்பிக்கையும் தொடர்ந்து ஆடினார். அடுத்த பருவத்தில் தொடைக் காயத்தால் பல மாதங்கள் களத்திற்கு வெளியே இருந்தார். அதே 2021இல்தான் உலகக் கோப்பையை நடத்தும் அமைப்பான ஃபிஃபா இரண்டு ஆண்டு யோசனையை ஆராய்ந்தது. ஐரோப்பிய, தென் அமெரிக்கக் கூட்டமைப்புகள் கடுமையாக எதிர்த்ததால் அது நிறைவேறவில்லை.

ஆப்பிரிக்க நாடுகள் கோப்பை 1968 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடந்து வந்திருக்கிறதே என்றும் கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் உலகக் கோப்பை ஆண்டில் அது வராதிருக்க, 2013இல் ஒற்றைப்படை ஆண்டுக்கு மாற்ற வேண்டியிருந்தது. சனவரியில் நடக்கும்போதெல்லாம் வீரர்களை விடுவிப்பது பற்றி ஐரோப்பியக் கழகங்களோடு இழுபறி எழுகிறது, நடுவில் சிக்கித் தவிப்பவர் வீரர்தான்.