ஸ்மார்ட் டோர்பெல் போனில் ஒலிக்கிறது, வீட்டு மணி மட்டும் அடிக்கவில்லை. ஏன்?

போனில் அறிவிப்பும் வீடியோவும் வருகின்றன, பழைய மணி மட்டும் சத்தமில்லை அல்லது லேசாக ரீங்கரிக்கிறது என்றால், முதலில் டிரான்ஸ்பார்மரை, அதாவது வீட்டு மின்சாரத்தின் வோல்டேஜைக் குறைத்து மணிக்குத் தரும் சின்னப் பெட்டியைப் பாருங்கள். சாதாரண பொத்தானுக்கு அழுத்தும்போது மட்டும்தான் மின்சாரம் வேண்டும். கேமரா டோர்பெல்லோ அதே இரண்டு கம்பி வழியாக நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த மின்சாரம் மணிக்குள் இருக்கும் கம்பிச்சுருள் வழியாகப் போவதால்தான் அந்த ரீங்காரம். பெரும்பாலான மாடல்களுக்கு 16 முதல் 24 வோல்ட் ஏசி (மாறுமின்சாரம்) தேவை. டிரான்ஸ்பார்மர் மேல் 10 வோல்ட் என்று இருந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

அப்புறம், சில மாடல்களோடு மணிப் பெட்டிக்குள் பொருத்த ஒரு சின்ன பவர் மாட்யூல் வரும். பலர் அதை அட்டைப்பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். பல மாடல்களில் அதன் கம்பிகளை மணிப் பெட்டிக்குள் ‘ஃப்ரன்ட்’, ‘டிரான்ஸ்’ என்று குறித்திருக்கும் திருகுகளில், ஏற்கெனவே இருக்கும் கம்பிகளோடு சேர்த்து முறுக்க வேண்டும். உங்கள் மாடலின் கையேட்டையும் பார்த்துவிடுங்கள். மூடியைத் திறக்கும் முன் பிரேக்கரை கட்டாயம் அணையுங்கள்.

ஆப்பில் மணி வகை மெக்கானிக்கலா டிஜிட்டலா என்பதும் சரியாக இருக்க வேண்டும். மெக்கானிக்கல் என்றால், உள்ளே மணியைத் தட்டும் கம்பித்தண்டை விரலால் தள்ளிப் பாருங்கள். உடனே துள்ளித் திரும்பாவிட்டால் தூசி அடைத்திருக்கலாம். உலர்ந்த துணியால் துடையுங்கள், எண்ணெய் விடாதீர்கள்.