தானாக மேலேறும் பெட்டி

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லூரியில் எனக்கு இளையவர்களுக்கு இயந்திரவியல், இயற்பியல் கணக்குகளில் உதவி வருகிறேன். கேட்டவுடன் முழுத் தீர்வையும் வரிவரியாக எழுதித் தருகிறேன். புரிந்தது என்பார்கள். எண்ணை மாற்றிக் கொடுத்தால் மறுபடி அதே இடத்தில் நிற்பார்கள். நேற்று வந்த கணக்கு இது: 30 டிகிரி சாய்தளத்தில் 10 கிலோ பெட்டி அசையாமல் இருக்கிறது, நிலை உராய்வுக் குணகம் 0.7, உராய்வு விசை எவ்வளவு? ஒருவர் 59.4 நியூட்டன் என்றார். 49 என்று தீர்வு எழுதிக் கொடுத்தேன். தலையாட்டினார், ஆனால் மனம் ஏற்கவில்லை என்று தெரிந்தது. நான் எங்கே தவறுகிறேன்?

க.

அன்புள்ள க.,

உங்கள் தீர்வு சரி. அதை எழுத அவசரப்பட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான். 59.4 எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்த்திருக்க வேண்டும். பெட்டியின் எடை 98 நியூட்டன். தளம் தன் பரப்புக்குச் செங்குத்தாகத் தரும் விசை, அதாவது செங்குத்து விசை, 98 × cos 30 = 84.9. அதை 0.7-ஆல் பெருக்கினால் 59.4. உராய்வு என்று கேட்டாலே குணகத்தைப் பெருக்க வேண்டும் என்று அவருக்குப் பதிந்துபோயிருக்கிறது. அந்தப் பெருக்கல் தருவது நிலை உராய்வு எட்டக்கூடிய உச்ச அளவை. பெட்டி நழுவாதவரை உராய்வு, தேவைப்படும் அளவுக்கு மட்டுமே எழும். நீங்கள் 49 என்று எழுதியபோது அவருடைய நம்பிக்கை அப்படியே கிடந்தது.

அடுத்த முறை அவருடைய எண்ணையே வைத்து விசைப்படம் வரையச் சொல்லுங்கள். பென்சில் அவர் கையில் இருக்கட்டும். சரிவின் வழியே கீழ்நோக்கி 98 × sin 30, அதாவது 49. மேல்நோக்கி அவர் சொன்ன 59.4. மிச்சம் 10.4 நியூட்டன் மேல்நோக்கி இருக்கிறது. அப்படியானால் யாரும் தொடாத பெட்டி, நொடிக்கு நொடி ஒரு மீட்டர் வேகம் கூடிச் சரிவில் மேலேற வேண்டும்! இதை அவரே கண்டுபிடித்துச் சொல்லட்டும். அதுவரை பொறுத்திருப்பதுதான் உதவுகிறவருக்கு மிகக் கடினமான வேலை.

புரிந்ததா என்று கேட்பதை விட்டுவிடுங்கள். ஆம் என்ற பதிலில் எதுவும் தெரியவராது. கோணத்தை 40 ஆக்கிக் கேளுங்கள். இப்போது சரிவின் வழியே இழுப்பது 63, உராய்வின் உச்சம் 52.6. பெட்டி நழுவும். நழுவியபின் நிலை உராய்வுக் குணகம் உதவாது, இயக்க உராய்வுக் குணகம் வேண்டும் என்று அவராகவே கேட்டால் விஷயம் உள்ளே போய்விட்டது. 0.5 என்று கொடுங்கள், முடுக்கம் 2.55 மீ/வி² வரும். எந்தக் கோணத்தில் நழுவத் தொடங்கும் என்பது அதற்கடுத்த கேள்வி. tan மதிப்பு 0.7 ஆகும் கோணம், ஏறக்குறைய 35 டிகிரி. நிறை அடிபட்டுப் போவதை அவர் கவனிக்கிறாரா என்று பாருங்கள்.

எல்லாத் தவறும் கருத்துத் தவறு அல்ல. பல தவறுகள் வெறும் அலகுத் தவறுகள். அவற்றுக்கு இவ்வளவு நேரம் செலவிட வேண்டாம். சரியான விடைக்கும் அவருடைய விடைக்கும் உள்ள விகிதத்தைப் போட்டுப் பாருங்கள், நோய் தெரிந்துவிடும். 5 கிலோவாட் மோட்டார் 1440 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1440 சுற்று) ஓடுகிறது என்றால் முறுக்குவிசை 33.2 நியூட்டன் மீட்டர். அவர் 3.47 என்றால் விகிதம் 9.55, ஆர்பிஎம்மை நொடிக்கு இத்தனை ரேடியன் என்று மாற்றாமல் வகுத்திருக்கிறார். அதே முறுக்குவிசையை 20 மிமீ விட்டமுள்ள திடத் தண்டுக்குக் கொடுத்தால் பரப்பில் வெட்டுத் தகைவு 21.1 மெகாபாஸ்கல். 169 வந்தால் விகிதம் 8. விட்டம் வர வேண்டிய இடத்தில் ஆரத்தைப் போட்டு மும்மடி எடுத்திருக்கிறார். விகிதம் 9.8 வந்தால் கிலோவும் நியூட்டனும் குழம்பியிருக்கின்றன. sin 30 எதிர்க்குறியோடு −0.988 என்று வந்தால் கால்குலேட்டர் ரேடியனில் இருக்கிறது.

இன்னொரு குழப்பம் அடிக்கடி வரும். தரையில் நிற்பவரின் எடையும் தரை தரும் செங்குத்து விசையும் நியூட்டனின் மூன்றாம் விதி சொல்லும் வினை, எதிர்வினை இணை என்பார்கள். விளக்கம் சொல்வதைவிட லிஃப்டில் ஏற்றிவிடுங்கள். 60 கிலோ மனிதர், மேல்நோக்கி 2 மீ/வி² முடுக்கம்: எடை 588, செங்குத்து விசை 708. மூன்றாம் விதியின் இணை எப்போதும் சமமாக இருக்க வேண்டும், இவை சமமில்லை. எடையின் இணை, அவர் பூமியை மேல்நோக்கி இழுக்கும் விசை. அது அவருடைய படத்தில் வராது, பூமியின் படத்தில் வரும்.

உங்களுக்கே விடை உறுதியில்லாத கணக்கும் வரும். அதை மறைக்க வேண்டாம், சேர்ந்தே சோதியுங்கள். எண்களைப் போடும் முன் சூத்திரத்தை எழுத்துகளிலேயே வைத்து, கோணத்தை 0 ஆக்குங்கள்: அசையாத பெட்டிக்குத் தேவைப்படும் உராய்வு 0 ஆக வேண்டும். 90 ஆக்குங்கள்: செங்குத்து விசை மறைய வேண்டும். மறையவில்லை என்றால் cos வர வேண்டிய இடத்தில் sin உட்கார்ந்திருக்கிறது. படத்தில் கோணத்தைக் குறித்த மூலையை இருவரும் மறுபடி பாருங்கள்.