பாஸா, ஷாட்டா? கூடைப்பந்து பாயின்ட் கார்டுகளின் கேள்விகள்

கேள்வி: கல்லூரிக் கூடைப்பந்து அணியில் இரண்டாவது ஆண்டாக பாயின்ட் கார்டாக, அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் ஆளாக, ஆடுகிறேன். ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 12 புள்ளி, 4 அசிஸ்ட் (கூட ஆடுபவர் புள்ளி எடுக்க வழி செய்த பாஸ்). "பந்தை இன்னும் பகிர்ந்து ஆடு" என்கிறார் பயிற்சியாளர். "நீ ஷாட் போடத் தயங்குவதால்தான் எங்களை நெருக்குகிறார்கள்" என்கிறார்கள் கூட ஆடுபவர்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: 12, 4 என்ற இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். இன்று பாஸ்தான், அல்லது இன்று ஷாட்தான் என்று மனதுக்குள் முடிவெடுத்துவிட்டுக் களமிறங்கும் பாயின்ட் கார்டை மடக்குவது எதிரணிக்கு மிகவும் சுலபம். பாஸ் மட்டும்தான் என்று தெரிந்தால் டிஃபெண்டர்கள் உங்களை விட்டுவிட்டுப் பாஸ் போகும் வழிகளை அடைப்பார்கள். ஷாட் மட்டும்தான் என்று தெரிந்தால் இரண்டு பேர் உங்கள் மேல் ஏறுவார்கள். எங்கள் கருத்து: ஷாட் போடும் நோக்கத்தோடு உள்ளே போங்கள். உங்களைத் தடுக்க இரண்டாவது ஆள் வரும்போதுதான் நல்ல பாஸுக்கு வழி பிறக்கிறது.

பிக் அண்ட் ரோலில், அதாவது கூட ஆடுபவர் உங்கள் டிஃபெண்டரின் வழியை மறித்துவிட்டு (ஸ்கிரீன்) ரிங்கை நோக்கி ஓடும் (ரோல்) ஆட்டத்தில், இதை வைத்துப் பார்க்கலாம். த்ரீ-பாயின்ட் கோட்டுக்கு (இதற்கு வெளியிலிருந்து போட்டு விழுந்தால் மூன்று புள்ளி, அதுதான் த்ரீ) வெளியே உங்கள் சென்டர், அதாவது ரிங்குக்கு அருகில் ஆடும் உயரமானவர், ஸ்கிரீன் போடுகிறார். நீங்கள் பார்க்க வேண்டியவர்கள் மூன்று பேர், அதுவும் இதே வரிசையில். முதலில் உங்கள் டிஃபெண்டர்: ஸ்கிரீனுக்கு மேலே சுற்றி வருகிறாரா, கீழே, அதாவது ரிங் பக்கமாக, நுழைந்து குறுக்கு வழியில் வருகிறாரா? கீழே போனால் அந்த இடத்திலேயே த்ரீ போடுங்கள். மேலே வந்தால் அவரை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அடுத்தவரைப் பாருங்கள். அவர் ஸ்கிரீன் போட்டவரின் டிஃபெண்டர். மூன்றாமவர், எதிர்ப்பக்கக் கார்னரிலிருந்து உதவிக்கு உள்ளே வருபவர்.

இரண்டாமவரிடம் முகத்தைப் பார்க்காதீர்கள், கால்களைப் பாருங்கள். அவர் பின்னால் நகர்ந்துகொண்டே இருந்தால் உங்களுக்கு இடம் கொடுக்கிறார் என்று பொருள், ஷாட்டை எடுங்கள். ஒரு கால் உங்களை நோக்கி முன்னே விழுந்துவிட்டால், அவரால் திரும்பி ரோல் ஆகும் வீரரைப் பிடிக்க முடியாது. அந்தக் கால் தரையைத் தொடும் நேரத்தில் பாஸ் உங்கள் கையை விட்டுப் போயிருக்க வேண்டும். டிரிபிளிலிருந்தே (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு போகும்போதே) ஒரு கையால் தரையில் அடித்துக் கொடுக்கும் பாஸ் அது. இடைவெளியில் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் பந்து தரையில் பட்டு, ரோல் ஆகிறவரின் முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவே எழும்ப வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான். பந்தை இரண்டு கையாலும் பிடித்துவிட்டுப் பிறகு பாஸ் கொடுக்கிறார்கள். பிடித்த கணமே டிஃபெண்டருக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது, கை நீட்டிவிடுகிறார்.

மூன்றாமவர் கார்னரை விட்டு உள்ளே இரண்டடி வைத்துவிட்டால், ரோல் ஆகிறவரை மறந்துவிட்டுக் கார்னருக்குப் பந்தை அனுப்புங்கள்.

ஒரு கணக்கும் போட்டுப் பாருங்கள். நெருக்கடியில் நீங்கள் போடும் நடுத்தூர ஷாட் 100-க்கு 40 விழுகிறது என்றால் ஒரு முயற்சிக்கு 0.80 புள்ளி. கார்னரில் தனியாக நிற்கும் உங்கள் ஆள் த்ரீயில் 36 சதவீதம் போடுபவர் என்றால் 1.08. அங்கே பாஸ்தான் சரி. அதே நேரம் உங்களுக்கு 60 சதவீதம் விழக்கூடிய திறந்த (யாரும் தடுக்காத) லே-அப், அதாவது ரிங்குக்கு அருகே ஓடிப்போய்ப் போடும் ஷாட், கிடைத்திருந்தால் அது 1.20. அதை விட்டுவிட்டு வெளியே பாஸ் கொடுத்தால் தாராள மனசு என்று யாராவது பாராட்டலாம். அணிக்கு அது நஷ்டம்தான். அடுத்த ஐந்து ஆட்டங்களின் வீடியோவை எடுத்து, உங்கள் ஷாட்டுகளைத் திறந்த லே-அப், நெருக்கடி லே-அப், நடுத்தூரம், திறந்த த்ரீ, டிரிபிளிலிருந்து போட்ட த்ரீ என்று பிரித்து எண்ணுங்கள். பயிற்சியாளர் எந்த வகை ஷாட்டைக் குறைக்கச் சொல்கிறார், தோழர்கள் எந்த வகையைக் கேட்கிறார்கள் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். பெரும்பாலும் அவை இரண்டும் வேறு வேறு ஷாட்டுகளாக இருக்கும்.

அசிஸ்ட் எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். உங்கள் பாஸில் நல்ல ஷாட் கிடைத்தும் அது விழவில்லை என்றால் ஸ்கோர் ஷீட்டில் எதுவும் ஏறாது. விழுந்ததோ விழவில்லையோ, உங்கள் பாஸிலிருந்து நேரடியாகப் பிறந்த ஷாட்டுகள் எத்தனை என்று தனியாக எண்ணுங்கள். 4 அசிஸ்ட் என்று காட்டும் ஆட்டத்தில் அப்படிப்பட்ட பாஸ் 11 இருந்தால் பாஸில் உங்களுக்குக் குறை இல்லை.

கேள்வி: எனக்கு வெளி ஷாட் சரியாக வராது. எதிரணி ஸ்கிரீனுக்குக் கீழே போய் பெயின்டிலேயே (ரிங்குக்கு முன்னாலுள்ள கட்டத்திலேயே) உட்கார்ந்துகொள்கிறது. பாஸ் மட்டும் கொடுத்து ஒரு பாயின்ட் கார்டு பிழைக்க முடியாதா?

பதில்: பிழைக்கலாம், ஆனால் பந்தை அவர்கள் செட் ஆவதற்கு முன்பே நகர்த்த வேண்டும். 2011-12 பருவத்தில் வட கரோலினா பல்கலைக்கழகத்துக்கு ஆடிய கெண்டல் மார்ஷல் ஆட்டத்துக்கு 8.1 புள்ளிதான் எடுத்தார், அசிஸ்ட் 9.8. ரீபவுண்ட் (விழாமல் திரும்பும் பந்து) கைக்கு வந்ததும் டிரிபிள் செய்யாமல் முன்னால் ஓடுபவருக்குப் பந்தை அனுப்பிவிடுவது அவருடைய பலம். அந்த அணியில் ஹாரிசன் பார்ன்ஸ், டைலர் ஸெல்லர், ஜான் ஹென்சன் என்று முடிப்பவர்கள் நிறையவே இருந்தார்கள். 2012 மார்ச்சில் என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) போட்டியின் நடுவே மணிக்கட்டு முறிந்து மார்ஷல் விலகினார். அடுத்த ஆட்டத்தை வட கரோலினா கூடுதல் நேரத்தில்தான் தாண்டியது. அதற்கடுத்து கான்சாஸிடம் 80-67 என்று தோற்றது. உங்கள் பக்கத்தில் அப்படி முடிப்பவர்கள் இருக்கிறார்களா என்பதை முதலில் பாருங்கள்.

பாதி மைதான ஆட்டத்தில் டிஃபெண்டர் கீழே போனால் மூன்று வழி உண்டு. ஒன்று, ஸ்கிரீன் போட்டவர் உடனே திரும்பி, இரண்டடி உள்ளே தள்ளி இன்னொரு முறை போடுவது. இப்போது கீழே போகிறவர் கிட்டத்தட்ட ரிங்குக்கு அடியில் போய் நிற்பார், உங்களுக்கு நாலைந்து மீட்டர் ஷாட் கிடைக்கும். இரண்டு, உங்களுக்கு விட்ட இடைவெளியை ஓட்டத்துக்குப் பயன்படுத்துவது. டிஃபெண்டர் மூன்று மீட்டர் தள்ளி நிற்கிறார் என்றால் முழு வேகத்தில் அவர் மார்பை நோக்கிப் போய், கடைசி அடியில் திசை மாற்றுங்கள். நின்ற இடத்தில் நின்று டிரிபிள் அடித்துக்கொண்டிருந்தால் அந்த இடைவெளியால் அவருக்குத்தான் லாபம். மூன்று, பந்தைக் கொடுத்துவிட்டு நீங்களே போய் நல்ல ஷூட்டருக்கு ஸ்கிரீன் போடுவது. உங்களைக் காவல் காக்காமல் உள்ளே நிற்கும் ஆளால் அந்த ஷூட்டரைப் பிடிக்க வெளியே வந்து சேர முடியாது.

இருந்தாலும் ஷாட்டைக் கைவிட்டுவிடாதீர்கள். ஒரு நாளைக்கு ஐந்து இடங்களிலிருந்து 20 வீதம் விழும் வரை, அதாவது 100 விழும் வரை, போடுங்கள். எத்தனை முயற்சியில் அந்த 100 வந்தது என்பதைக் குறித்து வையுங்கள். அதில் பாதியாவது பாஸ் வாங்கிப் போடாமல், ஸ்கிரீனைச் சுற்றி வந்து டிரிபிளிலிருந்து எழும்பிப் போட்டதாக இருக்கட்டும். ஆட்டத்தில் உங்களுக்கு விடப்படும் ஷாட் அதுதானே.

கேள்வி: புள்ளியிலும் அசிஸ்டிலும் ஒரே ஆள் முதலிடம் பிடிக்க முடியுமா?

பதில்: பிடித்திருக்கிறார்கள். ஓக்லஹோமாவின் ட்ரே யங் 2017-18-ல் 27.4 புள்ளி, 8.7 அசிஸ்ட் எடுத்து அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் முதல் பிரிவில் இரண்டிலும் முதலிடம் பெற்றார். பெண்கள் பிரிவில் ஐயோவாவின் கெய்ட்லின் கிளார்க் 2023-24-ல் 31.6 புள்ளி, 8.9 அசிஸ்ட் எடுத்து இரண்டிலும் முதலிடம். ஆனால் யங்கின் அந்தப் பருவத்தை முழுதாகப் பாருங்கள்: ஆட்டத்துக்கு 5.2 டர்ன்ஓவர் (பந்தை எதிரணியிடம் இழப்பது), அணி 18 வெற்றி, 14 தோல்வியோடு முடித்தது. எல்லாம் ஒரே ஆளின் கை வழியாகப் போனால் எதிரணிகள் பருவத்தின் பின்பாதியில் அந்த ஒரு கைக்கே திட்டம் போடும். அதே 2018-ல் வில்லனோவா பல்கலைக்கழகத்தின் ஜேலன் பிரன்சன் 18.9 புள்ளி, 4.6 அசிஸ்ட்தான் எடுத்தார். அந்த அணியில் ஆறு பேர் சராசரியாக 10 புள்ளிக்குக் குறையாமல் எடுத்தார்கள். அந்த ஆண்டின் என்சிஏஏ கோப்பை வில்லனோவாவுக்கு. பிரன்சனின் அசிஸ்ட் எண்ணை மட்டும் பார்த்து அவர் பந்தைப் பகிராதவர் என்று சொன்னால் அது பெரிய பிழை.

கேள்வி: பாஸ் அதிகம் கொடுக்கத் தொடங்கியதும் டர்ன்ஓவரும் கூடிவிட்டது. எவ்வளவு வரை பரவாயில்லை?

பதில்: ஒரு டர்ன்ஓவருக்கு இரண்டு அசிஸ்ட் இருந்தால் பாயின்ட் கார்டுக்குப் போதும். மூன்று என்றால் மிக நல்லது. ஒன்றரைக்குக் கீழே இறங்கினால்தான் கவலை. ஆனால் எல்லா டர்ன்ஓவரும் ஒன்றல்ல. பந்து எல்லைக் கோட்டைத் தாண்டினால் உங்கள் ஐந்து பேரும் திரும்பி ஓடி நிற்க நேரம் கிடைக்கும். நடு மைதானத்தில் குறுக்குப் பாஸைத் தட்டிப் பறித்தால் நேரே லே-அப். உங்கள் ஷாட்டும் போச்சு, அவர்களுக்கு இரண்டு புள்ளியும் ஆச்சு.

பாஸ் பறிபோவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். காற்றில் எழும்பிய பிறகு யாருக்குக் கொடுப்பது என்று தேடுவது முதலாவது. இதற்கு மருந்து இரண்டு காலையும் ஒன்றாக ஊன்றி நிற்பது: பெயின்டுக்குள் வந்ததும் இரு பாதமும் ஒரே நேரத்தில் தரையில் பட, முழங்கால் மடங்கி, பந்தை முகவாய்க்குக் கீழே இறுக்கிப் பிடித்து நில்லுங்கள். அந்த நிலையில் பிவட் செய்யலாம் (ஒரு காலை ஊன்றியபடி திரும்பலாம்), போலி காட்டலாம், பாஸ் தரலாம், எழும்பி ஷாட்டும் போடலாம். எழும்பிவிட்டால் இறங்குவதற்குள் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும்.

இரண்டாவது, கொடுக்கப்போகும் ஆளையே வெறித்துப் பார்ப்பது. ரிங்கைப் பாருங்கள், கார்னர் ஓரக்கண்ணில் தெரிந்தால் போதும். மூன்றாவது, பாஸைப் பெறுபவரின் உடம்பை நோக்கிக் கொடுப்பது. டிஃபெண்டர் இடப்பக்கம் நின்றால் பந்து பெறுபவரின் வலது கைக்குப் போக வேண்டும், மார்புக்கு அல்ல.

பயிற்சிக்கு: மூன்று தாக்குதல் வீரர், நான்கு டிஃபெண்டர், பாதி மைதானம், டிரிபிளே கிடையாது. தொடர்ந்து 10 பாஸ் பறிபோகாமல் முடிக்க வேண்டும். முதல் வாரம் ஐந்தைத் தாண்டுவதே கஷ்டமாக இருக்கும்.

கேள்வி: உயரம் 165 செ.மீ. உள்ளே போனால் பிளாக் ஆகிறது. அதனால் பாஸ் கொடுத்துவிடுகிறேன்.

பதில்: நீங்கள் உள்ளே வந்து எப்போதும் பாஸ்தான் கொடுப்பீர்கள் என்பது தெரிந்ததும் சென்டர் உங்களை நோக்கி வருவதையே நிறுத்திவிடுவார். உங்களுக்கு ஃப்ளோட்டர் வேண்டும். ரிங்கிலிருந்து இரண்டரை முதல் மூன்றரை மீட்டருக்குள், சென்டர் எழும்புவதற்கு முன்பே பந்து கையை விட வேண்டும். மேலே உச்சிக்குப் போய்ப் போடுவது ஜம்ப் ஷாட். இதில் எழும்பிக்கொண்டிருக்கும்போதே விடுவீர்கள். மணிக்கட்டை அடித்து மடக்காதீர்கள், பந்தை மெல்லத் தூக்கி வையுங்கள். முன்னோக்கிப் பாய்ந்தபடி போட்டால் பந்து போர்டில் பலமாக மோதித் திரும்பும். கடைசி அடியைச் சின்னதாக வைத்து, வேகத்தை மேல்நோக்கித் திருப்புங்கள். இரண்டு முறை இது விழட்டும், மூன்றாம் முறை சென்டர் உங்களை நோக்கி ஏறி வருவார். அவர் தலைக்கு மேலே உங்கள் ஆளுக்கு லாப் (உயரத் தூக்கிப் போடும் பாஸ்) கொடுங்கள்.

கேள்வி: நான் பயிற்சியாளர். கடைசி சில விநாடிகளில் பாயின்ட் கார்டுக்கு என்ன சொல்லிவைப்பது?

பதில்: சர்வதேச விதியில் ஷாட் க்ளாக் (ஒரு தாக்குதலில் ஷாட் போடுவதற்கான நேர வரம்பு) 24 விநாடி, அமெரிக்கக் கல்லூரியில் 30. எதுவானாலும் க்ளாக்கில் 10 இருக்கும்போது ஸ்கிரீன் வந்திருக்க வேண்டும், 5 இருக்கும்போது முடிவு எடுக்கப்பட்டிருக்க வேண்டும். 3 விநாடி மிச்சமிருக்கையில் நெருக்கடியில் நிற்கும் ஒருவருக்குக் கொடுக்கும் பாஸ், பாஸ் கணக்கில் சேராது. அவர் தலையில் ஒரு கெட்ட ஷாட்டைக் கட்டிவிடுவதுதான் அது. அந்த நிலையில் பாயின்ட் கார்டே போடட்டும், தவறினால் யாரும் அவரைத் திட்டக் கூடாது என்பதை அணி முழுவதுக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ஆட்டத்தின் கடைசித் தாக்குதலில் சமநிலை என்றால் 8 அல்லது 9 விநாடியில் தொடங்கி, 3 விநாடி மிச்சமிருக்கும்போது ஷாட் போகட்டும். ரீபவுண்டைத் திரும்பப் போட நேரம் இருக்கும், எதிரணிக்கு மைதானத்தைக் கடக்க நேரம் இருக்காது. ஒரு புள்ளி பின்தங்கியிருந்தால் இரண்டு விநாடி முன்னதாகவே தொடங்குங்கள், தவறினாலும் ஃபவுல் செய்து பந்தைத் திரும்பப் பெற வழி இருக்கும். பயிற்சியில் வாரத்துக்கு இரண்டு நாள், களைத்துப்போன கடைசிப் பத்து நிமிடத்தில், ஸ்கோரையும் விநாடியையும் நீங்கள் சொல்லி இதை ஆடவிடுங்கள். ஒவ்வொரு முறையும் உதவிக்கு வரும் டிஃபெண்டரை மாற்றுங்கள்: ஒரு முறை கார்னரிலிருந்து, ஒரு முறை சென்டர், ஒரு முறை யாருமே வராமல். யாருமே வராதபோது பாயின்ட் கார்டு பழக்கதோஷத்தில் வெளியே பாஸ் கொடுத்தால், அங்கேயே நிறுத்தி அதே ஆட்டத்தை மறுபடியும் ஆடச் சொல்லுங்கள்.