அரிய ஐரிஸ், பழைய ஐரிஸ்: கேள்வி பதில்

கேள்வி: எவ்வளவு பழையதாக இருந்தால் ஓர் ஐரிஸ் பூச்செடியை 'வரலாற்று ஐரிஸ்' என்று சொல்லலாம்?

அந்த வகை அறிமுகமாகி 30 ஆண்டுகள் ஆகியிருந்தால் போதும். பழைய ஐரிஸ்களைக் காப்பதற்காக 1988இல் தொடங்கப்பட்ட அமெரிக்கச் சங்கத்தின் அளவுகோல் அது. ஆனால் சேகரிப்பவர்கள் ஏங்குவது இன்னும் பழையவற்றுக்கு: 1840இன் 'ஆனரபில்', 1844இன் 'மேடம் ஷெரோ'. அமெரிக்க ஐரிஸ் சங்கம் 1920இல்தான் பிறந்தது. முறையான பதிவு வருவதற்கு முன் ஒரே செடி பல பெயர்களில் விற்பனையானது, ஒரே பெயரில் பல செடிகளும் விற்பனையாயின. நம் தலைவலிகளில் பாதி அங்கிருந்து வருகிறது.

கேள்வி: 'வபாஷ்' (1936) என்ற பழைய வகையின் விதை எங்கே கிடைக்கும்?

எங்கும் கிடைக்காது. அதன் விதையில் முளைப்பது வேறொரு செடி. கிழங்கைப் பிரித்து நட்டால் மட்டுமே அது 'வபாஷ்'. விதை தருகிறேன் என்பவருக்குப் பணம் அனுப்பாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் காட்டு இனங்களையும் விதையிலிருந்து வளர்க்கக் கூடாதா ஐயா?

தாராளமாக வளர்க்கலாம், அதுவே நேர்மையான வழி. ஐரிஸ் சங்கங்களின் விதைப் பரிமாற்றப் பட்டியல்களிலிருந்து தொடங்குங்கள். பெயருக்குப் பக்கத்தில் உள்ள குறிப்பைப் படிக்காமல் எதையும் கேட்காதீர்கள். காட்டில் இன்ன இடத்தில் எடுத்த விதையா, கையால் மகரந்தம் சேர்த்ததா, தோட்டத்தில் தேனீயின் போக்குக்கு விட்டதா என்று பாருங்கள். சைபிரிகா, சாங்குயினியா என்ற இரண்டு காட்டு இனங்களும் அருகருகே இருந்தால் கலந்துவிடும். பசிபிக் கரை இனங்களும் அப்படித்தான். தேனீக்கு விட்ட விதையின் உறையில் இருப்பது தாயின் பெயர் மட்டுமே.

ஆன்கோசைக்ளஸ் என்னும் காட்டு ஐரிஸ் கூட்டத்துக்குப் பொறுமை வேண்டும். சில விதைகள் அடுத்த பருவத்தில் முளைக்கும், சில பல ஆண்டுகள் கழித்து முளைக்கும். வெறும் மண்ணாகத் தெரிகிறதே என்று தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள். உறையில் உள்ள எண், இடம், ஆண்டு எல்லாவற்றையும் பெயர்ச்சீட்டிலும் நோட்டிலும் எழுதுங்கள். இரண்டிலும்.

கேள்வி: படம் அனுப்பியிருக்கிறேன். இது என்ன ஐரிஸ்?

ஒரு பூவின் படத்தை வைத்துப் பழைய தாடி ஐரிஸுக்கு (கீழிதழில் தாடிபோல் மயிர் உள்ள வகை) பெயர் சொல்ல முடியாது. பதிவானவை பல்லாயிரம்.

கேள்வி: பாட்டி வீட்டுச் செடி, மஞ்சளும் செம்பழுப்பும். இணையத்தில் பார்த்த 'ஆனரபில்' படத்தோடு அச்சாகப் பொருந்துகிறது. அந்தப் பெயரையே எழுதிவிடலாமா?

வேண்டாம். 'ஆனரபில்' என்று கைமாறுபவற்றில் பல உண்மையில் 'சான் சூசி' என்ற வேறொரு பழைய வகை. நீங்கள் பார்த்த படமே தவறாக இருக்கலாம்.

மறுப்பு: பெயரில்லாத செடியை யாரும் காப்பாற்றுவதில்லை. தவறான பெயராவது அதை வாழ வைக்குமே?

இதை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். தவறான பெயர் ஒரு செடியை வாழ வைத்து இன்னொன்றைக் கொன்றுவிடும். உண்மையான 'ஆனரபில்' ஒரு பழைய கல்லறை மதிலோரம் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'அது எல்லாரிடமும் இருக்கிறதே' என்று கடந்து போய்விடுவோம். அந்த மதிலை இடிக்கும் நாளில் அந்த வகையே முடிந்துபோகும்.

மற்றொருவர்: அப்படியென்றால் என்னதான் எழுதுவது? 'தெரியாதது' என்றா?

எங்கே, எப்போது, யார் தோட்டத்தில் கிடைத்தது என்று எழுதுங்கள். 'கல்லறை மதில், மஞ்சள்-பழுப்பு' என்பதே நல்ல தற்காலிகப் பெயர். பிறகு செடியைக் கவனியுங்கள். பூக்கும் வேளையில் மொட்டை மூடிய பாளை முழுக்கக் காய்ந்து வெள்ளிக் காகிதம்போல் இருந்தால் பல்லிடா என்ற இனத்தின் இரத்தம் உண்டு. பச்சையாகவே இருந்தால் வேறு பக்கம் தேட வேண்டும். இலையின் அடியில் ஊதா ஏறியிருக்கிறதா, தாடி நுனியிலும் உள்ளேயும் ஒரே நிறமா, கிளைகள் தண்டின் எந்த உயரத்தில் பிரிகின்றன, மணம் உண்டா என்று குறியுங்கள். அதன்பின் மூலம் தெரிந்த ஒரு கிழங்கை வாங்கிப் பக்கத்தில் நட்டு, இரண்டையும் ஒரே பருவத்தில் பூக்கவிட்டு ஒப்பிடுங்கள். ஒத்துப்போனாலும் 'இருக்கலாம்' என்றே எழுதுங்கள்.

கேள்வி: இந்தப் படத்தைப் பாருங்கள், பெயர்?

மேலே சொல்லிவிட்டேன். பாளையையும் இலையடியையும் கவனித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: துக்க ஐரிஸ் எனப்படும் சூசியானா நோயில்லாமல் கிடைக்குமா?

கடினம். 16ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்தது முதல் கிழங்கைப் பிரித்துப் பிரித்தே கைமாறி வந்த செடி அது. வைரஸும் கூடவே வந்தது. வாங்கினால் தனித் தொட்டியில், மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். அதில் பட்ட கத்தி வேறு செடியில் படக் கூடாது.

கேள்வி: சூடாகோரஸ் என்ற மஞ்சள் நீர் ஐரிஸ் வேண்டும்.

பல இடங்களில் நீர்நிலைகளை அடைத்து ஆக்கிரமித்த செடி. நான் தேடித் தர மாட்டேன்.

கேள்வி: கிழங்கு அழுகுகிறது.

அது நோய்ப் பகுதிக்கான கேள்வி, அங்கே கேளுங்கள்.

கேள்வி: மலையில் அரிய இனம் ஒன்றைப் பார்த்தேன். ஒரே ஒரு கிழங்கு எடுத்தால் என்ன?

எடுக்காதீர்கள். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் காட்டு ஐரிஸான நெல்சனியை நினைத்துப் பாருங்கள். அபிவில் ஊரை ஒட்டிய சதுப்புகளை விட்டால் உலகில் வேறெங்கும் அது இயற்கையாக இல்லை. ஆளுக்கு ஒன்று எடுத்தால் என்ன மிஞ்சும்? ஆன்கோசைக்ளஸ் கிழங்கைத் தோண்டி வந்தால் தோட்டத்தில் பெரும்பாலும் செத்துவிடும். இடத்தைக் குறித்துக்கொண்டு அப்பகுதித் தாவரவியலாளரிடம் தெரிவியுங்கள். விதை எடுக்கக்கூட அனுமதி தேவைப்படலாம்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து கிழங்கு வரவழைக்க?

தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் அனுப்பச் சொல்லாதீர்கள். பல நாடுகளில் விதைக்கும் அது வேண்டும். மண்ணைக் கழுவி, இலையைக் குறைத்து, செடி ஓய்வில் இருக்கும்போது அனுப்பச் சொல்லுங்கள். அனுப்புபவர் அந்தச் செடியை யாரிடமிருந்து பெற்றார் என்பதையும் எழுதிக் கேளுங்கள். அதைச் சொல்லத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.