சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் முதல்முறை போகிறேன். சாப்பாடு, பெட்டி எல்லாம் டிக்கெட்டிலேயே அடங்கிவிடுமா?

பெரும்பாலும் அடங்கிவிடும். சாப்பாடு, செக்-இன் பெட்டி, படம் பார்க்கும் இருக்கைத் திரை எதற்கும் தனியாகப் பணம் இல்லை. ஆனால் எகானமியிலேயே லைட், வேல்யூ, ஸ்டாண்டர்ட், ஃபிளெக்ஸி என்று பல டிக்கெட் வகைகள் உண்டு. மலிவான லைட்டில் முன்கூட்டியே இருக்கையைத் தேர்வு செய்யப் பணம் கட்டவேண்டும். ரத்து செய்தால் திரும்பக் கிடைப்பதும் குறைவு. குடும்பமாகப் போகிறவர்கள் விலையை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம்.

சைவம் சாப்பிடுபவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது: புறப்படுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே சிறப்பு உணவைப் பதிவு செய்துவிடுங்கள். பட்டியலில் 'இந்து உணவு' என்று இருப்பதைச் சைவம் என்று நம்பித் தேர்வு செய்யாதீர்கள். அதில் மாட்டிறைச்சி இருக்காது, ஆனால் அசைவம்தான். கோழியோ மீனோ வரலாம். நம் ஊர்ச் சைவச் சாப்பாட்டுக்கு ஏவிஎம்எல் என்ற குறியீடு. வெங்காயம், பூண்டு வேண்டாம் என்றால் விஜேஎம்எல், அதாவது ஜைன உணவு.

எகானமியில் கைப்பை 7 கிலோ வரைதான். பவர் பேங்கைக் கைப்பையில் மட்டும் வையுங்கள். 2025 ஏப்ரல் முதல் விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தவும் அனுமதி இல்லை.

அப்புறம், திருச்சியிலிருந்தோ கோவையிலிருந்தோ கிளம்புகிறீர்களா? அந்த விமானத்தை ஓட்டுவது சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மலிவுவிலை நிறுவனமான ஸ்கூட். அதில் இருக்கைத் திரை கிடையாது.

பெட்டி உடைந்து வந்தால் விமான நிலையத்திலேயே புகார் எழுதி நகல் வாங்குங்கள். விமானப் பயணிகளுக்கான இழப்பீடு பற்றிய சர்வதேச ஒப்பந்தமான மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி சேதத்துக்கு 7 நாளுக்குள், தாமதமாக வந்த பெட்டிக்கு 21 நாளுக்குள் எழுத்தில் புகார் தரவேண்டும்.