வாசகர் கேள்வி-பதில்: இரு மொழி வகுப்பறை

கேள்வி: பி.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்திருக்கிறேன். அரசுப் பள்ளியில் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் பாடம் நடத்தும் ஆசிரியராக விருப்பம். எந்தத் தேர்வு எழுத வேண்டும்? தொடக்கப் பள்ளிக்கும் முயலலாமா? – வாசகி, திண்டுக்கல்

பதில்: தொடக்கப் பள்ளிக்கு முயல முடியாது. 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்குத் தொடக்கக் கல்விப் பட்டயம் வேண்டும்; பி.எட். அதற்கு ஈடாகாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. நீங்கள் எழுத வேண்டியது ஆசிரியர் தகுதித் தேர்வின் (டெட்) இரண்டாம் தாள். 150 வினாக்கள், 150 மதிப்பெண். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, கணிதமும் அறிவியலும் 60. பொதுப் பிரிவினர் 90 எடுக்க வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். கணிதம் படித்தவர்கள் கடைசி 60 மதிப்பெண்ணுக்கே உழைத்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு மொழிகளுக்கும் சேர்த்து அதே 60 இருப்பதை மறந்துவிட வேண்டாம். டெட் தேர்ச்சி தகுதி மட்டுமே. பணி நியமனத்துக்கு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வைத் தனியாக எழுத வேண்டும்.

‘இருமொழி ஆசிரியர்’ என்று தனிப் பணியிடம் எதுவும் கிடையாது. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகின. பிள்ளைகள் குறைவாக உள்ள பள்ளிகளில் தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டும் ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம்தான். எனவே பட்டதாரி ஆசிரியராகச் சேர்ந்தாலே இந்தப் பணி உங்கள் கைக்கு வந்துவிடும். பிற்பாடு வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராகலாம். முதுநிலைப் பட்டமும் எம்.எட்.டும் இருந்தால் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் விரிவுரையாளர் பணிக்கு முயலலாம். ஆனால் சில ஆண்டுகளாவது முழுநேரம் வகுப்பு எடுத்துவிட்டுப் போங்கள். வகுப்பை அறியாத பயிற்றுநரின் பேச்சை ஆசிரியர்கள் காதில் வாங்க மாட்டார்கள்.

கேள்வி: ஆறாம் வகுப்பு ஆங்கில வழிக்குக் கணக்கு எடுக்கிறேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் சொல்லி, உடனே தமிழிலும் சொல்கிறேன். வகுப்பில் புரிந்ததாகத் தலையாட்டுகிறார்கள். தேர்வில் வாக்கியக் கணக்கு வந்தால் அப்படியே விட்டுவிடுகிறார்கள். – ஆசிரியர், விழுப்புரம்

பதில்: அடுத்த நொடி தமிழ் வரும் என்று தெரிந்த பிள்ளை ஆங்கிலத்தைக் கேட்பதில்லை, தமிழுக்காகக் காத்திருக்கிறது. வரிக்கு வரி மொழிபெயர்ப்பின் கோளாறு இதுதான். தேர்வுத் தாளில் அந்தத் தமிழ் வராது. இரண்டு மொழியும் வேண்டும், ஆனால் ஒன்றன் மேல் ஒன்று விழக்கூடாது.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள். பிள்ளை விட்டுவிட்ட அதே கணக்கைத் தமிழில் வாய்மொழியாகக் கேளுங்கள். சரியாகச் சொன்னால் தடை ஆங்கிலத்தில். தமிழிலும் வரவில்லையென்றால் தடை கணக்கில். அந்தப் பிள்ளைக்கு ஆங்கிலச் சொற்களை எவ்வளவு சொல்லிக் கொடுத்தும் பயன் இல்லை. இந்த இரு கூட்டத்தையும் ஒன்றாக வைத்து மறுபயிற்சி கொடுப்பதால்தான் உழைப்பு வீணாகிறது.

பிறகு 40 நிமிடப் பாடவேளையைப் பிரியுங்கள். கரும்பலகையின் இடது ஓரத்தில் அன்றைய ஆங்கிலச் சொற்கள் ஐந்து, விடை எழுதுவதற்கான வாக்கிய அமைப்பு இரண்டு. பாடம் முடியும்வரை அழிக்க வேண்டாம். ஐந்துக்கு மேல் போனால் எதுவும் தங்காது. முதல் 10 நிமிடம் தமிழ் மட்டும்: புளியங்கொட்டையோ குச்சியோ வைத்துக் கருத்தைப் பிடிக்கவைக்க வேண்டும். அடுத்த 15 நிமிடம் ஆங்கிலம் மட்டும்: அதே பொருள், அதே கணக்கு, படமும் கைச்சைகையும் துணை. பிள்ளை தமிழில் சந்தேகம் கேட்கலாம். தடுக்காதீர்கள், பதிலை மட்டும் எளிய ஆங்கிலத்தில் சொல்லுங்கள். அடுத்து 5 நிமிடம் இருவர் இருவராகப் பேசட்டும், எந்த மொழியிலும். கடைசி 10 நிமிடம் எழுத்து: ஆங்கில வாக்கியக் கணக்கு ஒன்றே ஒன்று. என்ன கேட்கிறார்கள் என்பதைத் தமிழில் ஒரு வரி எழுதிவிட்டுக் கணக்கைப் போட்டு, விடையைப் பலகையில் உள்ள ஆங்கில அமைப்பில் எழுத வேண்டும். அந்தத் தமிழ் வரியைத் திருத்தினாலே யாருக்கு எங்கே பிசகுகிறது என்று தெரியும்.

கழித்தலில் தனிக் கவனம் தேவை. ‘10-லிருந்து 3-ஐக் கழி’ என்று தமிழில் சொல்லும்போது எண்கள் வரும் வரிசையே எழுதும் வரிசையும்: 10 – 3. ‘சப்ட்ராக்ட் த்ரீ ஃப்ரம் டென்’, ‘த்ரீ லெஸ் தேன் டென்’ இரண்டிலும் 3 முன்னால் வருகிறது. பிள்ளை காதில் விழுந்தபடி 3 – 10 என்று எழுதுகிறது. பெரிய எண்ணுக்குக் கீழே கோடு போடச் சொல்லித் தப்பிக்கவைப்பவர்கள் உண்டு. குறை எண்கள் வந்ததும் அந்த உத்தி காலை வாரிவிடும். ‘ஃப்ரம்’, ‘தேன்’ ஆகிய சொற்களை வட்டமிட்டு, அவற்றுக்கு அடுத்து வரும் எண்ணை முதலில் எழுதப் பழக்குங்கள். ‘தர்ட்டீன்’, ‘தர்ட்டி’ போன்ற இணைகளைக் காதால் பிரித்தறிய, வாரம் ஒருமுறை எண்களைச் சொல்லி எழுதவைத்தால் போதும்.

கேள்வி: நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்றிருக்கிறேன். பள்ளியை மேம்படுத்த எங்கிருந்து தொடங்கலாம்? – வாசகர், தருமபுரி

பதில்: வண்ணம் பூசுவதிலிருந்து வேண்டாம். முதல் இரண்டு வாரங்களில் 3-ஆம் வகுப்பு முதல் எல்லாப் பிள்ளைகளையும் தனித்தனியே உட்காரவைத்து, அறிமுகமில்லாத பத்தி ஒன்றைத் தமிழில் ஒரு நிமிடம், ஆங்கிலத்தில் ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்து, சொல், வாக்கியம், பத்தி என்று எந்த நிலையில் நிற்கிறார்கள் என்பதை மொழிவாரியாகக் குறியுங்கள். பத்தி வாசித்தவரிடம் பொருள் குறித்து இரண்டு கேள்வி கேளுங்கள். சரளமாக வாசித்தும் ஒன்றும் புரியாத பிள்ளைகள் இருப்பார்கள். பாடநூல் பத்தியைக் கொடுத்துவிடாதீர்கள், மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். தமிழில் எழுத்து நிலையில் நிற்கும் பிள்ளைக்கு முதலில் தமிழ். அங்கே வாசிக்கக் கற்றால் அந்தத் திறன் ஆங்கிலத்துக்கும் கைகொடுக்கும்.

தினம் 30 நிமிடம், வகுப்பை மறந்து நிலைவாரியாகப் பிரித்து வாசிப்பு. எட்டு வாரம் கழித்து அதே முறையில் மீண்டும் சோதியுங்கள். நடுவில் வாரம் இரண்டு வகுப்புகளைத் தலா 20 நிமிடம் பாருங்கள். அன்றே, தனியாக, ஒரே ஒரு திருத்தம் சொல்லுங்கள். பத்துக் குறை சொன்னால் ஆசிரியர் எதையும் மாற்ற மாட்டார்.

இந்த முடிவுகளோடு பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் போங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 22-ஆம் பிரிவின்படி பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது அவர்கள் பொறுப்பு. கையெழுத்து வாங்க மட்டும் கூட்டாதீர்கள். எத்தனை பிள்ளைகளுக்கு வாசிப்பு வரவில்லை என்ற எண்ணிக்கையை மறைக்காமல் வையுங்கள்.

கேள்வி: மகளை ஆங்கில வழியில் சேர்த்திருக்கிறோம். வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பேசச் சொல்கிறார்கள். எங்களுக்கு அவ்வளவாக வராது. – ஒரு தாய், திருப்பூர்

பதில்: தமிழிலேயே பேசுங்கள், நிறையப் பேசுங்கள். கதை, கணக்கு, காரணம், ஏன் எதற்கு எல்லாம். கனடாவில் குடியேறியவர்களின் பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ், பேச்சு ஆங்கிலம் சுமார் 2 ஆண்டில் வந்தாலும் பாடம் படிக்கும் அளவு ஆங்கிலம் வர 5 முதல் 7 ஆண்டு ஆவதைக் கண்டார். தெருவெல்லாம் ஆங்கிலம் கேட்கும் ஊரிலேயே இந்த நிலை. உங்கள் மகளுக்கு அவகாசம் கொடுங்கள், அதுவரை சிந்திக்க ஒரு மொழி வலுவாக இருக்கட்டும்.

கேள்வி: அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஆங்கிலக் கற்பித்தல் பயிற்சி எங்கே கிடைக்கும்? – வாசகர், தென்காசி

பதில்: பெங்களூருவில் உள்ள தென்னிந்திய மண்டல ஆங்கில நிறுவனம் 30 நாள் உறைவிடப் பயிற்சி நடத்துகிறது. நேரடியாகச் சேர முடியாது. துறை வழியாகத்தான் அனுப்புவார்கள். உங்கள் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் விருப்பத்தை எழுத்து மூலம் பதிந்துவையுங்கள். திரும்பி வந்ததும் வட்டார வள மையத்தில் சக ஆசிரியர்களுக்கு ஒரு மாதிரி வகுப்பாவது எடுத்துக் காட்டுங்கள்.